பனி டாக்டருக்காக ஒரு ஜெபம்

வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் நாத்தனார் வீட்டு முன்னறையில்தான் நடக்கும். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளி, இருக்கிற நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, போதாததற்குச் சமையலறை ஸ்டூலையும் இழுத்து வந்து பெண்கள் உட்காருவார்கள். ஸ்டூல் எப்போதும் நாத்தனாரின் தம்பி மனைவிக்கு. வேலை முடிந்து கடைசியாக வருகிறவள் என்பது ஒரு காரணம். வீட்டு ஆள்தானே என்பது இன்னொரு காரணம்.

அன்றைக்கும் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினார்கள். வேலை தேடும் பிள்ளைகளுக்காக, குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு மாமியாருக்காக, வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் ஒரு குடும்பத்துக்காக. முறை தையல்கடை அம்மாவிடம் வந்தது. அவர் தன் பங்குக்கு எல்லாரையும் சொல்லி முடித்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பனிப்பிளவுல விழுந்து கிடக்கிற டாக்டரையும் நினைச்சுக்கோங்க ஆண்டவரே. பாவம், கால் வேற உடைஞ்சிருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வட்டம் மொத்தமும் "ஆமென்" என்றது. ஸ்டூலில் இருந்தவளும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். எல்லா முகங்களிலும் கலப்படமில்லாத கவலை.

டாக்டரைப் பிளவுக்குள் தள்ளியவள் அவள்தான்.

தெருவில் அவளைப் பல்லுக்காரம்மா என்பார்கள். அவள் பல் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து தரும் ஒரு சின்ன லேபில் வேலை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றி ஈறு எடுப்பாள். அதன்மேல் மெழுகு வைத்து, சின்னக் கத்தியை விளக்கில் காட்டிக் காட்டி, ஒவ்வொரு பல்லாக ஊன்றுவாள். எந்தப் பல்லும் ரொம்ப நேராக இருந்துவிடக் கூடாது. நேராக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். கொஞ்சம் கோணல் வேண்டும். அந்தக் கோணலை எங்கே வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நன்றாக அமைந்த செட்டை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் இத்தனை வருஷத்தில் அவளை ஒருவரும் பாராட்டியதில்லை. குறை சொல்ல மட்டும் வந்திருக்கிறார்கள்.

அவள் எழுத்து அச்சேறியதற்குச் சபை மாத இதழில் பக்கம் காலியாகக் கிடந்ததுதான் காரணம். இதழின் பொறுப்பாசிரியர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஃப்ரேம்கள் மாட்டிய கண்ணாடிப் பெட்டியின் மேலேயே இதழைத் தயாரிப்பார். அவள் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், முன்பு எழுதி வைத்திருந்த ஒரு சிறுகதையைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுவிட்டு, தொடர்கதை ஒன்று வேண்டும் என்றார். சாகசம் இருக்க வேண்டும், ஆண்டவர் கைதூக்கிவிட்ட சாட்சியும் இருக்க வேண்டும், அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று ஜனங்கள் தவிக்க வேண்டும்.

எங்கே நடக்கும் கதை என்பதை அவள் நிறைய யோசித்தாள். கடலில் வைத்தால் சபையில் கப்பல்காரர் குடும்பங்கள் இருக்கின்றன, தப்புக் கண்டுபிடிப்பார்கள். பாலைவனத்தில் வைத்தால் அங்கே வேலைக்குப் போய்வந்தவர்கள் பாதிப்பேர். காடு என்றால் வனத்துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் முதல் வரிசையிலேயே உட்காருகிறார். துருவப் பனிக்கு மட்டும் சபையில் யாரும் போனதில்லை. ஆகவே கதை பனிக்குப் போயிற்று.

சொந்தப் பெயரில் எழுத அவளுக்கு விருப்பமில்லை. பெயர் தெரிந்தால் கதையில் வருகிற கொடுமைக்காரர்கள் எல்லாரிலும் ஆளுக்கொரு மாமியாரைத் தேடுவார்கள். கண்ணாடிக்கடைக்காரர் 'வடதுருவன்' என்று ஒரு புனைபெயர் வைத்துக் கொடுத்தார். கதை தென்துருவத்தில் நடந்தது. அவள் அதைக் கவனிப்பதற்குள் முதல் பாகம் அச்சாகிவிட்டது.

கதை இதுதான். மிஷன் டாக்டர் ஒருவர், வெகுகாலத்துக்கு முன் பனியில் புதைந்துபோன ஒரு கூடாரத்தைத் தேடிப் போகிறார். அங்கே கையால் எழுதிய பழைய வேதாகமம் ஒன்று இருக்கிறது. அதே கூடாரத்துக்கு அடியில் தங்கம் இருப்பதாக நம்பி ஒரு கொலைகாரன் அவரைத் தொடர்கிறான். கொலைகாரனுக்கு அவள் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தாள். வியாபாரம் கெடும் என்று பொறுப்பாசிரியர் சொன்னதால் டாக்டருக்கும் ஒன்று மாட்ட வேண்டியதாயிற்று.

குளிர் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் கணவர் ஐஸ்கிரீம் கம்பெனியில் குளிர்வண்டி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும் முன் அவளைப் பின்பக்கத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் திறப்பதாகத்தான் பேச்சு. அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்தபிறகு ஞாபகம் வந்து திறந்தார். அந்த மாதப் பாகத்தைப் படித்துவிட்டு, இதை எழுதியவர் மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதினார்.

வாசகர் கருத்து என்ற பக்கம் அதுவரை இதழில் பெயருக்குத்தான் இருந்தது. பனிக்கதை வந்தபிறகு அது நிரம்பி வழிந்தது. ஜெபம் அதிகம், ஓட்டம் குறைவு என்றார் ஒருவர். ஓட்டம் அதிகம், ஜெபம் குறைவு என்றார் அவர் மனைவி. விரல் விறைத்துப்போனவர் எப்படிப் பக்கம் புரட்டினார் என்று ஒருவருக்குச் சந்தேகம். தென்துருவத்தில் வெள்ளைக்கரடி கிடையாது, அது வடக்கே இருப்பது என்று ஒரு பள்ளி ஆசிரியர் அழுத்தமாக எழுதினார். அவள் ஒரு வாரம் யோசித்து, ஆராய்ச்சிக் கப்பலில் கூண்டில் கொண்டுவந்த கரடி தப்பித்துவிட்டதாக அடுத்த பாகத்தில் சேர்த்தாள். ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டு, கரடிக்குச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டிருந்தார்.

கருத்துகளைக் கணவர் சாப்பிடும்போது சத்தமாகப் படிப்பார். வீட்டில் அவருக்கும், கடையில் பொறுப்பாசிரியருக்கும் தவிர வடதுருவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

கடைசிப் பாகத்தை அவள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாள். கதை முழுவதையும் அந்த முடிவுக்காகத்தான் கட்டினாள் என்றும் சொல்லலாம். பிளவுக்குள் டாக்டர் கிடக்கிறார். அவருக்கும் கீழே, இன்னும் ஆழத்தில், கொலைகாரனும் விழுந்து கிடக்கிறான். மேலே பனியில் மாட்டியிருக்கும் ஒரே கயிறு ஒருவரைத்தான் தாங்கும். டாக்டர் அதன் நுனியைக் கீழே இறக்குகிறார். கொலைகாரன் ஏறி, டாக்டரைத் தாண்டி, மேலே போகிறான். போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டு நடந்தபிறகுதான் அதன் நுனியில் வேதாகமம் கட்டியிருப்பதைப் பார்க்கிறான். அவன் திரும்பி ஓடி வந்து கூப்பிடும்போது கீழேயிருந்து பதில் இல்லை.

பொறுப்பாசிரியர் அதைக் கடையிலேயே நின்றபடி படித்தார். படித்து முடித்துத் தன் கண்ணாடியைக் கழற்றி, ஒரு வாடிக்கையாளருடைய துணியால் துடைத்துக்கொண்டார். "சிஸ்டர், இதுல ஒரு எழுத்துகூட மாத்த விட மாட்டேன்" என்றார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். பஸ் இரண்டு அவளைத் தாண்டிப் போனதை அவள் பார்க்கவில்லை.

அதற்கு முந்தைய பாகம்தான் இப்போது வெளிவந்திருந்தது. டாக்டர் விழுந்த இடத்தில் 'முடிவு அடுத்த இதழில்' என்று போட்டிருந்தது. தொடர்கதை எப்போதும் மிஷன் செய்திகளுக்கு அடுத்த பக்கத்தில் வரும். ஒரு பக்கத்தில் எங்கோ ஒரு மருத்துவமனைக்குக் கூரை போட்ட செய்தி, மறுபக்கத்தில் டாக்டர் பனியில் விழுந்த செய்தி. தையல்கடை அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் படித்துவிட்டார். மற்றவர்களில் பாதிப்பேருக்குக் கதை என்று தெரியும். ஆனாலும் ஒரு மனுஷனுக்காக வேண்டிக்கொள்வதை வேண்டாம் என்று யார் போய்த் தடுப்பது?

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு, நாத்தனாரும் அவளுமாக டீக் கோப்பைகளைக் கழுவினார்கள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

நாத்தனார் வேலை பார்த்தது ரயில் நிலையத்தில், அறிவிப்பாளராக. ஓய்வு பெறும்வரை ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் ரயில் ஏறியது. வண்டி தாமதம் என்பதைக்கூட அவர் சொன்னால் கோபம் வராது என்பார்கள். அந்தக் கழுத்தில் இப்போது ஒரு கட்டி. சேலைத் தலைப்பை அதன்மேல் சுற்றிப் போட்டுக்கொண்டு ஒன்றுமில்லாதது போல நடமாடினார். எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் மூச்சுக்குழாயை அழுத்தும், வேறு மாதிரியாக மாறவும் கூடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எடுக்கும்போது குரல் கொஞ்சம் பாதிக்கப்படலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட்டார். நேர்மையாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. கட்டி பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன் என்று அண்ணி பேச்சை முடித்துவிட்டார்.

"என்னைக்கு அண்ணி போகலாம்? அவர் லீவு சொல்லணும்னு கேட்டாரு" என்று அவள் கோப்பையைத் துடைத்தபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

"கேட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரியிலயா?"

"இல்ல. மேல. அடையாளம் கேட்டிருக்கேன்."

அடையாளம் கேட்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். இந்த வீட்டை வாங்கலாமா என்று கேட்டபோது, தரகர் குடையோடு வந்தால் வாங்குவது என்று மாமனார் ஆண்டவரிடம் பேசி வைத்திருந்தாராம். வெயில் காலத்தில் அந்த மனுஷன் குடையோடு வந்தார். அவளையே இந்தக் குடும்பம் எடுத்தது அப்படித்தான். பெண் பார்க்க வந்த இடத்தில், டீக்கு முன்னால் தண்ணீர் கொண்டுவரும் பெண்தான் நம் பெண் என்று அடையாளம் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு டீ கொதிக்கத் தாமதமாகிவிட்டது. அப்படி ஒரு அடையாளம் இருந்ததே வெகுநாள் கழித்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது.

"என்ன அடையாளம் அண்ணி?"

"அடுத்த மாசம் கடைசிப் பாகம் வருதுல்ல. அந்த டாக்டர் உயிரோட மேல வந்துட்டா நானும் போய்ப் படுத்துக்கறேன். வரலைன்னா இது இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"அது கதை அண்ணி."

"எனக்குத் தெரியாதா? தையல்கடைக்காரிக்குத்தான் தெரியாது." அண்ணி கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "ஆண்டவர் எதைச் சொன்னாலும் கதையாத்தானே சொன்னாரு. அவருக்கு இது புதுசா?"

பல்லுக்காரம்மா என்ன பதில் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. அண்ணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அது ரயில் அறிவிப்பு மாதிரி. திரும்ப ஒருமுறை சொல்வாரே தவிர மாற்றிச் சொல்ல மாட்டார்.

வீட்டில் கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே? ஒரு கயிறு போட்டு மேல இழுத்துடு" என்றார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். கயிறு ஒன்றுதான் இருக்கிறது. அது கொலைகாரனுக்கு. இன்னொரு கயிறு இருந்தால் டாக்டர் ஏன் இவ்வளவு நேரம் கீழே கிடக்கிறார்? அவர் செத்தால்தான் அவன் திருந்துவான். அவன் திருந்துவதற்காகத்தான் ஒரு வருஷமாக இவ்வளவு பனியும் கொட்டியிருக்கிறது.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு பிசைவதை நிறுத்தினார். "இந்தா, என் அக்கான்னு ஒருத்தி இருக்கா. உன் டாக்டர்னு ஒருத்தன் இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"மாத்தினா அண்ணியை ஏமாத்தின மாதிரி ஆகாதாங்க?"

"ஏமாத்து."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சிறுவயதில் அம்மா போனபிறகு அவரை வளர்த்தது அக்காதான். ஸ்டேஷனுக்கே கூட்டிக்கொண்டு போய், மைக் இருந்த அறையில் மேசைக்கடியில் தூங்க வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். இதையெல்லாம் அவர் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் முழுக்க அவள் மெழுகில் பல்லை ஊன்றுவதும் பிடுங்குவதுமாக இருந்தாள். மேல்தாடைக்கான பற்களைக் கீழ்த்தாடையில் வைத்துவிட்டு நிதானமாக எடுத்தாள். கடைசியில், உண்மையைச் சொல்லிவிட்டால் அடையாளமே இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. எழுதுகிறவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தபிறகு அதை யார் அடையாளம் என்பார்கள்? சனிக்கிழமை லேபிலிருந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவளும் ஒரு போர்வையின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே சொன்னாள். "அண்ணி, அந்தப் பனிக்கதையை எழுதுறது நான்தான்."

அண்ணி போர்வையை உதறி நாலாக மடித்தார். பிறகு, "அந்தக் கொலைகாரன் பேச்சு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்" என்றார்.

"அதனால அதை அடையாளமா வச்சுக்காதீங்க அண்ணி. ஆண்டவர் எழுதல. நான் எழுதுறேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பா கழுவி வச்சுட்டு எழுதுறேன்."

"எழுதுறது நீ. எழுத வைக்கிறது யாரு?"

இந்தப் பக்கமிருந்து பிடி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"முடிவு முன்னாடியே எழுதியாச்சு அண்ணி. அதுல டாக்டர்..."

அண்ணி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். கட்டியின் மேலிருந்த தலைப்பு நழுவி விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. "சொல்லாத. முன்கூட்டிச் சொன்னா அதுக்குப் பேரு அடையாளம் இல்ல, உளவு." கையை எடுத்துவிட்டு, சற்றுத் தணிந்த குரலில், "இன்னொண்ணு. என்னை மனசுல வச்சுக்கிட்டு எதையும் மாத்திடாத. கள்ள அடையாளத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கத்தி வைக்கப் போறது என் கழுத்துல" என்றார்.

அந்தக் குரல் கடைசி வார்த்தையில் லேசாகக் கம்மியது. கட்டி அழுத்துவதாலா, பயத்தாலா என்று சொல்ல முடியவில்லை. அண்ணி பயந்து அவள் பார்த்ததே இல்லை. அடுத்த போர்வையை இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு அவள் புது முடிவை எழுத உட்கார்ந்தாள். பிளாஸ்டர் காய்கிற நேரத்துக்குள் எழுதி முடித்துவிட்டாள். பழைய முடிவை எழுத மூன்று மாதம் ஆகியிருந்தது. ஹெலிகாப்டர் வந்தது. ஏணி இறங்கியது. டாக்டர் ஏறினார். கொலைகாரனையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார். ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கொஞ்சம் இருங்கள் என்று உட்கார வைத்தார்.

"சிஸ்டர், ஒரு வாரத்துக்கு எதுவும் பறக்க முடியாதுன்னு போன பாகத்துல நீங்கதானே எழுதினீங்க?"

"கணிப்பு தப்பிடுச்சு சார்."

"அவன் திருந்தவே இல்லையே?"

"ஹெலிகாப்டர்ல வச்சுத் திருந்துறான் சார். கடைசிக்கு முந்தின பாராவுல இருக்கு."

அவர் அந்தப் பாராவைத் தேடிப் படித்தார். அதில் இரண்டு வரி இருந்தது. கண்ணாடிக்கு மேலாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாராவது உங்களை மிரட்டுறாங்களா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்றாள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவர் நல்ல மனிதர், உடனே ஒத்துக்கொள்வார். பிறகு அந்த வாரமே அவரும் சபையில் எழுந்து இதைச் சாட்சியாகச் சொல்வார். எழுதியவளுக்கு இதுதான் வேண்டும், போட முடியாது என்றால் தொடர் முடிவில்லாமலே நிற்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு கறாராக அவள் பேசி அவர் கேட்டதில்லை. பழைய தாள்களை மடித்து அவள் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கோங்க. என்கிட்ட இருந்தா எனக்குக் கை சும்மா இருக்காது. அச்சுக்குக் கொடுத்துடுவேன்."

இதழ் வந்தது. வெள்ளிக்கிழமை வட்டத்தில் ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லித் தையல்கடை அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. கால் எலும்பு சேர எவ்வளவு நாள் ஆகும் என்று விசாரித்தார். அண்ணி எல்லாரும் ஜெபித்து முடியும்வரை காத்திருந்து, அறிவிப்புச் சொல்லும் குரலில், வருகிற வாரம் கூட்டம் தன் வீட்டில் இல்லை, தான் ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்றார். பல்லுக்காரம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. தம்பியிடம் லீவு சொல்லச் சொன்னதோடு சரி.

மற்ற வாசகர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். வடதுருவன் ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையோடு கேட்டிருந்தார் ஒருவர். ஹெலிகாப்டர் இருந்தது என்றால் முதல் பாகத்திலேயே வந்திருக்கலாம், எங்களுக்கும் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும் என்றார் இன்னொருவர். கரடியை நம்பினேன், இதை நம்ப முடியவில்லை என்று பள்ளி ஆசிரியர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கணவர் அவற்றைச் சத்தமாகப் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் துணி துவைக்கும்போது எடுத்துப் படித்தாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அறுவை சிகிச்சை நடந்த அன்று கணவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று அவளைக் கேட்டுக் கேட்டு, அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வாங்கி வந்து தானே குடித்தார். மருத்துவர் வெளியே வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, பார்த்தவரையில் பயப்படும்படி இல்லை என்றார். குரல் சில வாரத்தில் திரும்பும், அதுவரை அதிகம் பேச விடாதீர்கள் என்றார். கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவள்தான் விடுவித்தாள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவள் மட்டும் போனாள். அண்ணி தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டுப் போட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் படுக்கையின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள்.

"முடிவு நல்லாவே இல்ல" என்றார் அண்ணி. குரல் காற்றாகத்தான் வந்தது. ஊரையே ரயிலேற்றிய குரலா இது என்று அவளுக்கு ஒரு கணம் கை நின்றது.

"பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அண்ணி."

"ஹெலிகாப்டராம்." அண்ணி கண்ணை மூடித் திறந்தார். "மாத்தினியா?"

அவள் சுளையின் வெள்ளை நாரை ஒன்று விடாமல் எடுத்தாள். எடுத்து முடித்த பிறகும் அண்ணி பார்த்துக்கொண்டே இருந்ததால், "ஆமா" என்றாள்.

"அதைப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு மோசமா எழுத உனக்கு வேற என்ன காரணம் இருக்கு?"

"தெரிஞ்சுமா வந்து படுத்தீங்க?"

பேசக் கூடாது என்று மருத்துவர் சொன்னது அப்போதுதான் நினைவு வந்ததுபோல அண்ணி உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டார். அவள் கொடுத்த சுளையை வாங்கி, விழுங்க வலித்ததால் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை அவள் கையிலேயே கொடுத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, "நிஜ முடிவைச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். தாள்கள் வீட்டில் இருந்தன. தேவைப்படவில்லை. கயிறு ஒன்றுதான் என்பதிலிருந்து தொடங்கினாள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கொலைகாரன் ஏறி டாக்டரைத் தாண்டிப் போகிற இடத்தில் அவளையறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸை அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். நர்ஸ் மாத்திரையும் தண்ணீருமாகக் கட்டில் காலடியில் நின்று மீதியைக் கேட்டாள். கீழேயிருந்து பதில் இல்லை என்று சொல்லி அவள் நிறுத்தியபோது, "செத்துட்டாரா?" என்று நர்ஸ்தான் கேட்டாள்.

அண்ணி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்தார். கண்ணைத் துடைத்தாரா, வாயைத் துடைத்தாரா என்று சரியாகத் தெரியாதபடி துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். நர்ஸ் போகும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் கதை" என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆரஞ்சுத் தோலை ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்தாள்.

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். காற்றுக் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "வெள்ளிக்கிழமை கூட்டத்துல யார்கிட்டயும் இதைச் சொல்லிடாத" என்றார். "பாவம், ஜெபிச்சிருக்காங்க."